ஒரு நெடிலின் நேரம்

க்ரோனிங்கனில் மழை நின்றபாடில்லை.
யெல்மர் ஸ்வார்ட், வயது ஐம்பத்தெட்டு,
கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குகிறவர்,
நனைந்த தொப்பியைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு
அறுபத்துநான்கு மின்முனைகள் வைத்த
என் தொப்பிக்குத் தலையைக் கொடுக்கிறார்.
துளைக்குத் துளை கூழைப் பிதுக்குகிறேன்.
சில்லென்று இருக்கிறதா?
"ஜனவரியில் இரும்புக் கைப்பிடி பிடிக்கிறவனிடமா கேட்கிறாய்?"

திரையில் எழுத்துகள் ஓடும், நொடிக்குப் பத்து.
அவற்றுக்குள் எண்கள் இரண்டு ஒளிந்திருக்கும்.
இரண்டையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.
முதலாவதை எல்லோரும் பிடித்துவிடுகிறார்கள்.
பிடித்த கை மூடிக்கொள்கிறது.
அது மறுபடி விரிய அரை நொடி,
ஒரு நெடிலை நிதானமாய்ச் சொல்லி முடிக்கும் நேரம்.
அதற்குள் வந்தது
கண்ணில் விழுந்தும் கணக்கில் விழாது.

"ஏழு" என்கிறார். "ஏழு மட்டும்தான்."
ஏழுக்குப் பின் மூன்றாவதாய் ஒரு நான்கு போயிற்று.
நூறு ஓட்டங்களைக் கூட்டி வகுத்துப் பார்த்தால்
பிடரிப் பக்கத்து வரிகள்
நான்குக்கும் துள்ளியிருப்பது தெரியும்.
கொஞ்சம் பொறுத்து உச்சியில் எழ வேண்டிய அலைதான்
எழவில்லை.
வாசல்வரை வந்துவிட்ட விருந்தாளி.
உள்ளே வேறொருவருக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சுற்றில் இரண்டாம் எண்ணுக்குப் பதில் பெயர்.
படிவத்தில் கேட்டிருந்தோம்:
உங்கள் மனதில் நிற்கும் பெயர்கள் ஐந்து.
மனைவி, இரண்டு மகன்கள், தங்கை.
ஐந்தாவதாக, வேறு மையில், ஹிஸ்கெ.

மனைவியின் பெயர் பாதிக்குப் பாதி தவறியது.
தன் பெயரையே நான்கு முறை விட்டார்.
ஹிஸ்கெ ஒருமுறைகூடத் தப்பவில்லை.
காட்டியது முப்பத்தொன்று.
அவர் கண்டது நாற்பது.
அதிகப்படி ஒன்பதையும்
'பிழை' என்ற பத்தியில் போட்டேன், அதுதான் விதி.
பழைய காதலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.
அதுவும் பிழைதான். அதற்குப் பத்தி கிடையாது.

தலை அலசும் தொட்டியில் குனிந்தபடி சொன்னார்.
தண்ணீர்ச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.
நவம்பர். செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல்.
ஒரு படகு போயிற்று, தெரிந்தவன், கையசைத்தேன்.
பொத்தானை அழுத்தினேன்.
அதன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொன்று வந்திருக்கிறது.
கேமராவில் இருக்கிறது பார், என் முகம்
அதன் பக்கமே திரும்பியிருக்கிறது.
யாரும் சாகவில்லை, பயப்படாதே.
பாய்மரம் முறிந்தது.
அந்த அம்மாள் திட்டிய திட்டு ஊருக்கே கேட்டிருக்கும்.
முகப்பில் நீல எழுத்தில் ஹிஸ்கெ.
துண்டு இருக்கிறதா?

நாங்கள் அளப்பது அரை நொடி.
அங்கே அரை நிமிடமாவது இருந்திருக்கும்.
இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல வாயெடுத்தேன்.
துண்டைக் கொடுத்தேன்.
காது மடலில் ஒட்டியிருந்த கூழை அவர் கவனிக்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டேன்.
சிவப்பு விளக்கு. முப்பது சைக்கிள்கள்,
ஒரு தபால் வண்டி, தள்ளுவண்டியில் இரட்டைக் குழந்தைகள்.
மணல் ஏற்றிய படகு ஒன்று கடந்து போயிற்று.
பாலம் இறங்கவில்லை.
யாரோ மணியடித்தார்கள். யாரோ முனகினார்கள்.
மேலே கண்ணாடி அறையில் ஒரு தொப்பி
இடமும் வலமும் திரும்பியது, மறுபடி இடம்.

படகு போன வழியை நானும் பார்த்தேன்.
மழை குத்திய தண்ணீர்,
அதற்குப் பின்னால் இன்னும் தண்ணீர்.
ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றேன்,
இல்லாத படகை அவர் பார்த்து முடிக்கட்டும் என்று.